வூட்டு வண்டிக்கு பாக்ஸ் மாத்துன கதை

முப்பது வருசத்துக்கு மேல மல்லாக்கப் படுத்துக்கினே சம்பாரிச்சவ நானு. சிரிக்கிறவங்க சிரிச்சி முடிங்க, வெயிட் பண்றேன். வண்டிக்கு அடியில படுத்ததத்தான் சொல்றேன்.

நம்ம மெக்கானிக் சங்கத்துல மலரு போடறாங்களாம். "தனம்மா, ஒன் அனுபவத்த எழுதிக் குடு"ன்னு வந்து நின்னாங்க. நான் படிச்சது ரெண்டாங்கிளாசு. அதுலயும் பாதி நாளு வாத்தியாரு வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன். அதனால நான் பேசறேன், என் மருமவ எழுதறா. எழுத்துல தப்பு இருந்தா அவளத் திட்டுங்க. பொய்யி இருந்தா என்னையத் திட்டுங்க. ரெண்டும் இருக்கும்.

நம்ம ஷெட்டு செங்கல்பட்டுலர்ந்து திருக்கழுக்குன்றம் போற ரோட்ல கீது. போன மாசம் சும்மா எட்டிப் பாக்கப் போனேன். கரண்டுல ஓடற வேனு ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சி. பழக்க தோசம், குனிஞ்சி அடியில பாத்தேன். ஒண்ணுமே இல்ல. வழவழன்னு தட்டு மாதிரி கீது.

"இன்னாடா இது, கியர் பாக்ஸ எவன் கழட்டினு போனான்?"ன்னு கேட்டேன்.

"ஆயா, இதுக்கு நீ சொல்ற மாதிரி பாக்ஸு இல்ல. கிளட்சும் கெடையாது. மெதிச்சா போவும்"னாங்க ஷெட்டுப் பசங்க.

மெதிச்சா போவுமாம். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்ச்சி. ஒருத்தரு இருந்து இதப் பாத்திருந்தா இன்னா சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. டீ குடிக்கப் போயிருப்பாரு.

அவருதான் வேலாயுதம் மேஸ்திரி. அந்த ஷெட்டு அப்ப அவருதுதான்.

எங்க வூட்டுக்காரரு லாரி ஓட்டினாரு. ஒரு தடவ ஆந்திரா பக்கம் போன லாரி கவுந்துபோச்சி. அவரும் போயிட்டாரு. கையில மூணு புள்ளைங்க. அந்த லாரிய எப்பவும் மேஸ்திரி ஷெட்லதான் வேல பாப்பாங்க. அந்தப் பழக்கத்துல போயி நின்னேன். "சாமான் கழுவுறியா?"ன்னாரு. கழுவனேன். மண்ணெண்ணெய்ல பல்லு பல்லா, பேரிங் பேரிங்கா கழுவிக் கழுவி, எது எங்க உக்காரும்னு கைக்கே தெரிஞ்சிபோச்சி. ஒரு நாளு ஆளு வரல, "தனம், அந்த பதினேழு ஸ்பானர எடுத்துக்கினு கீழ போ"ன்னாரு. போனவதான். மேல வரும்போது தலை நரைச்சிட்ச்சி.

பொம்பள வண்டிக்கடியில போறாளேன்னு ஊர்ல பேசினாங்க. பேசட்டும். வண்டிக்கு அடியில இருக்கறவளுக்கு மனுசங்க எல்லாரும் வெறும் காலுதான். மூஞ்சியப் பாத்தாதான மானம் ரோசம் எல்லாம். காலு மட்டும் பாத்தா யாரா இருந்தா இன்னா? அப்பிடியே எனக்குக் காலப் பாத்து ஆளச் சொல்ற வித்த வந்துட்ச்சி. காசு குடுக்க இஷ்டமில்லாத காலு, அவசரத்துல கீற காலு, பொய் சொல்ற காலு. பொய் சொல்ற காலு பெருவிரல மடக்கும். வேணும்னா வூட்ல பாருங்க.

மேஸ்திரியோட காலு எனக்கு மனப்பாடம். எடது குதிங்கால்ல வெடிப்பு. ஏதாவது யோசிச்சார்னா வலது செருப்பக் கழட்டிட்டு, மண்ணுல பெருவிரலால கோடு போடுவாரு.

மேஸ்திரி திட்ட மாட்டாரு. அதுதான் பேஜாரு. நாம தப்பு பண்ணா, கையில இருக்கற ஸ்பானர மெதுவா வாங்கித் தொடச்சி வச்சிட்டு, எதிர்க்க இருக்கற கடைக்கி டீ குடிக்கப் போயிடுவாரு. ஒரே ஒரு டீ. அவரு குடிச்சி முடிச்சி வர்றதுக்குள்ள இன்னா தப்புன்னு நாமளே கண்டுபுடிக்கணும். நான் சேந்த புதுசுல அவருக்கு ஒரு நாளைக்கி பன்னெண்டு டீ.

பாராட்டவும் மாட்டாரு. வேல சரியா இருந்தா வண்டி பாடியில வெரல் முட்டியால ரெண்டு தட்டு. டொக், டொக். அம்புட்டுதான். அந்த ரெண்டு தட்டு கேட்டா அடியில படுத்துக்கினு இருக்கற எனக்கு நெஞ்சு மேல யாரோ பூவக் கொட்டுன மாதிரி இருக்கும்.

பாக்ஸ் எறக்கறதுன்னா இன்னான்னு தெரியாதவங்களுக்கு: எஞ்சின் சுத்தறத சக்கரத்துக்குக் கொண்டுபோறது கியர் பாக்ஸு. எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல கிளட்ச் பிளேட்டு. பாக்ஸோட மூக்குல ஒரு ஷாப்ட்டு நீட்டிக்கினு இருக்கும், பல்லு பல்லா. அது கிளட்ச் பிளேட்டு நடுவுல இருக்கற பல்லுக்குள்ள போயி உக்காரணும். உக்காந்தா டொப்புன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம்தான் சுத்தி இருக்கற போல்ட்டு.

நான் மொதமொத ஏத்துனப்போ ஒரு அங்குலம் மிச்சம் இருந்துச்சி, உள்ள போவல. நான் இன்னா பண்ணேன், போல்ட்ட மாட்டி முறுக்குனேன். முறுக்கினா இழுத்துக்கும்னு நெனப்பு. இழுத்துக்கல. பாக்ஸோட காது, அதான் போல்ட்டு மாட்டற ஓரம், 'பட்'டுன்னு ஒடஞ்சி என் நெத்தியில வுழுந்துச்சி. மேஸ்திரி அன்னிக்கி டீக்குப் போவல. வண்டிக்கடியில வந்து என் பக்கத்துல படுத்தாரு. நெத்தியப் பாத்தாரு, ரத்தம் இல்லன்னு தெரிஞ்சிக்கினு சொன்னாரு:

"போல்ட்ட வச்சி இழுக்காத தனம். அதுவா வந்து உக்காரணும்."

"அதுவா வரலன்னா?"

"பின்னாடிப் பக்கம் ஷாப்ட்ட ஒரு பல்லு திருப்பு. ஒரே ஒரு பல்லு. வந்துரும்."

அந்த ஒரு பாடத்துக்குத்தான் நான் சம்பளம் வாங்கினேன் இத்தன வருசமும்.

இப்ப வூட்டு வண்டிக்கி வரேன்.

மாமல்லபுரத்துல டிராவல்ஸ் வச்சிருந்த ஒருத்தரு, பழைய வேனு ஒண்ண வாங்கி உள்ள கட்டிலு, சின்ன சிங்க்கு, ஒத்த பர்னரு கேஸ் அடுப்பு எல்லாம் வச்சி, வெள்ளக்காரங்கள ஊர் சுத்திக் காட்ட வச்சிருந்தாரு. மூணாவது கியரு பல்லு கொட்டிட்ச்சி. ஆயில எறக்குனா எண்ணெயில வெள்ளித்தூளு மின்னுது, கல்யாணப் பொண்ணு கன்னத்துல தடவுற மாதிரி. அந்த மாடலுக்கு பாக்ஸு கெடைக்கல. வெறுத்துப்போயி மேஸ்திரிகிட்டயே தள்ளிட்டுப் போயிட்டாரு.

ஷெட்டுக்குப் பின்னாடி புளியமரத்தடியில நிறுத்தினாங்க. ஆறு வருசம் நின்னுச்சி. எல்லாரும் அத வூட்டு வண்டின்னுதான் சொல்லுவாங்க. என் பழைய சேலையக் கிழிச்சி ஜன்னலுக்குக் கர்ட்டனு தச்சிப் போட்டேன். மத்தியானம் சோறு துண்ண அங்கதான் போவோம். கதவத் தொறந்து வச்சிக்கினு நான் உள்ள கட்டில்ல. அவரு வெளிய படியில, எனக்கு முதுகக் காட்டிக்கினு. அவரு சம்சாரம், நான் ஷெட்ல சேர்றதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே போயிட்டாங்க. ஒரே பொண்ணு அமுதா, கட்டிக்குடுத்து ஓசூர்ல கீது.

"இன்னா மேஸ்திரி, நம்ம வூடு எப்பத்தான் நவரும்?"னு கேப்பேன்.

"பாக்ஸு கெடைக்கட்டும்."

"கெடைச்சா?"

"கன்னியாகுமரி வரைக்கும் வுடறேன்."

"தனியாவா?"

மோரு ஊத்தின சோத்தப் பெசஞ்சிக்கினே இருப்பாரு. "மொதல்ல வண்டி ஓடட்டும் தனம்"பாரு. ஆறு வருசம், தினமும் இதே பேச்சு. நானும் தினமும் கேட்டேன். வேற பதில் வருமான்னு பாக்கறதுக்குத்தான்.

அப்பால அவருக்குக் கண்ணு மங்கிட்ச்சி. சின்ன போல்ட்ட தடவித் தடவித் தேடுனாரு. அமுதா வந்து, "போதும்பா, எங்க கூட வந்துரு"ன்னா. ஷெட்ட அவரு தம்பி மவன் பாத்துக்கறதா முடிவாச்சி. வூட்டு வண்டிய இன்னா பண்றது? பாண்டிச்சேரியில ஒரு குடும்பம் ஓடற கண்டிசன்ல இருந்தா எடுத்துக்கறோம்னாங்க. வெள்ளிக்கெழம மதியம் வர்றாங்க. இல்லன்னா கடப்பாரை, சம்மட்டி, காயலான் கட.

அந்த வாரம் பாத்து மெட்ராஸ்ல பழைய சாமான் விக்கிற ஒருத்தருகிட்டர்ந்து போனு. பாக்ஸு கெடைச்சிட்ச்சி. ஆறு வருசமா தேடுனது, அவரு கெளம்பற வாரத்துல வருது. கடவுளுக்கும் மெக்கானிக் புத்திதான், டெலிவரி டயத்துக்கு வராது.

ஒண்ணு மட்டும் நான் மனசுக்குள்ள வச்சிக்கினேன். வண்டி பாண்டிச்சேரி போவட்டும், அவரு ஓசூரு போவட்டும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, அது ஓடும்போது, அவரு ஓட்டும்போது, முன் சீட்ல பக்கத்துல உக்காந்து நான் போவணும். நவர்ற வூட்ல ஒரு நாளு. அப்ப எனக்கு வயசு அறுபது. அவருக்கு அறுபத்தாறு.

செவ்வாக்கெழம வேலைய ஆரம்பிச்சோம். பேட்டரி ஒயரக் கழட்டிட்டு, வண்டிய நாலு ஸ்டாண்டுல ஏத்துனேன். உள்ளர்ந்து கியர் ராடு கழட்னேன். ஆயிலு வடிய வச்சேன். பின்னாடி போற நீட்டு ஷாப்ட்ட கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் உளியால ஒரு கோடு போட்டேன், திரும்ப மாட்டும்போது கோட்டுக்குக் கோடு சேரணும், இல்லன்னா வண்டி நடுங்கும். எஞ்சினுக்கு அடியில மரக்கட்ட வச்சி ஜாக்கி குடுத்தேன். பாக்ஸ சுத்தி கீற போல்ட்ட ஒண்ணொண்ணா எடுத்து, ஒரு அட்டையில அதே வட்டமா ஓட்ட போட்டு அதுல குத்தி வச்சேன். அது மேஸ்திரி ஸ்டைலு. ஒரு போல்ட்டு நீளம், ஒண்ணு குட்ட. மாத்திப் போட்டா நாசம். மேல கீற ரெண்டு போல்ட்டு கண்ணுக்கே தெரியாது, நீட்டு ராடு போட்டுத் தடவித்தான் கழட்டணும். கடைசியா பாக்ஸ பின்னாடி இழுத்து என் வயித்து மேல எறக்கினேன். மூணு புள்ள சொமந்த வயிறு, ஒரு பாக்ஸு பெரிசா?

புதுசா வந்த பாக்ஸு அதே ஜாதி, ஆனா வேற வருசத்துது. பழைய கிளட்ச் பிளேட்ட அதோட மூக்குல மாட்டிப் பாத்தேன், பல்லு சரியா ஓடிச்சி. ஆனா பாக்ஸு உக்கார்ற எடம் ரெண்டு வெரக்கட பின்னாடி தள்ளி. தாங்குற சட்டத்துக்கு புது ஓட்ட போட வேண்டியதாப் போச்சி, அதுலயே பொழுது போயிட்ச்சி. ஸ்பீடு காட்டற கேபிளு சேரவே இல்ல. "முள்ளு வேல செய்யாது மேஸ்திரி"ன்னேன். "எம்மாம் வேகத்துல போறோம்னு தெரிஞ்சி இன்னா பண்ணப் போறோம்?"னாரு.

நம்ம ஷெட்ல ஒரு வழக்கம். பெரிய சாமான் எது ஏறினாலும் மொதல்ல சந்தனம் குங்குமம் வச்சி, கற்பூரம் காட்டி, பாக்ஸோட வாயில, அதான் கிளட்ச மூடிக்கிற பக்கம், ஒரு எலுமிச்சம்பழம் வைக்கணும். ஏத்தறதுக்கு முன்னாடி பழத்த எடுத்துப் பத்திரமா வச்சிருந்து, வண்டி மொதமொத நவரும்போது சக்கரத்துக்கடியில நசுக்கணும். புதங்கெழம காலையில வச்சேன். அப்பிடியே ஜாக்கியில ஏத்தினேன். மேஸ்திரி பின்னாடி நின்னு ஒரு பல்லு திருப்பினாரு. டொப். உக்காந்துட்ச்சி. நான் அட்டையப் பாத்து போல்ட்டெல்லாம் மாட்டினேன். டொக், டொக். ரெண்டு தட்டு.

நான் அப்ப பாக்ஸப் பத்தியா யோசிச்சிக்கினு இருந்தேன்? நாளைக்கி ட்ரையலுக்கு எந்த சேல கட்றதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்.

வியாழக்கெழம காலையில மாம்பழக் கலரு சேல, தலையில ரெண்டு மொழம் பூவு. மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளச் சட்டையில நிக்கறாரு. கிட்டப் போனா செண்ட்டு வாசன.

"இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்கவா?"

"ட்ரையல் பாக்க."

"ட்ரையலுக்கு செண்ட்டா?"

ஏறி உக்காந்துட்டாரு. நானும் இந்தப் பக்கம் ஏறி உக்காந்துக்கினேன். சாவியத் திருப்பப் போனவரு, "பழம் வச்சியா?"ன்னாரு.

எறங்கிப் போயி பழம் தேடணும்னா, அந்த சீட்ட வுட்டு எறங்கணும். ஆறு வருசம் கழிச்சி உக்காந்த சீட்டு. "வச்சேன் வச்சேன், எடுங்க"ன்னுட்டேன். பெருவிரலு தானா மடங்கிச்சி. நல்ல காலம் அவரு என் காலப் பாக்கல.

திருக்கழுக்குன்றம் மலை பக்கவாட்டுல வந்துக்கினே இருந்துச்சி. ஒண்ணு, ரெண்டு, அதுக்கு மேல கியரு போடல. பெருசா சத்தம் இல்ல. பூஞ்சேரி தாண்டி ஈசிஆர்ல ஏறி வடக்கால திருப்புனாரு. ரோடு காலியா, வலது கைப் பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவுல நடுவுல கடலு. அப்ப அவரு கிளட்ச மெதிச்சிக்கினு, ரோட்டப் பாத்துக்கினே சொன்னாரு:

"தனம், மூணு நீ போடு."

அந்த வண்டியில ஆறு வருசமா இல்லாத மூணாவது கியரு. கைய வச்சேன். ராடு மேல ஏற்கெனவே அவரு கை இருந்துச்சி. எடுக்கல. ரெண்டு கையும் சேந்துதான் போட்டுச்சி. வெண்ணெயில கத்தி எறங்கற மாதிரி வுழுந்துச்சி. வண்டி ஒரு மூச்சு வுட்டுட்டு ஓட ஆரம்பிச்சிது. கர்ட்டன் எல்லாம் படபடன்னு ஆடுது, பின்னாடி சிங்க்குல டம்ளரு ஒண்ணு ஜிங்கு ஜிங்குன்னு தாளம் போடுது. முள்ளு ஜீரோவுல நிக்கிது. எனக்கு எண்பதுல போற மாதிரி இருந்துச்சி. சைக்கிள்காரன் ஒருத்தன் எங்கள முந்திக்கினு போனான்.

நெம்மேலி தாண்டும்போது மேஸ்திரி மூக்க உறிஞ்சினாரு.

"எலுமிச்ச சாதம் கட்டினு வந்தியா?"

"இல்லியே. நாஸ்தா வழியில துண்ணுக்கலாம்னுதான…"

"வாசன வருது."

எனக்கும் வந்துச்சி. தாளிக்கிற மாதிரி. ஒடனே எனக்கு வெளங்கிட்ச்சி. பழத்த நான் எடுக்கவே இல்ல. பாக்ஸோட வாய்க்குள்ளயே வச்சி மூடிட்டேன். அது உள்ள சுத்தற கிளட்ச்ல அடிபட்டு, நசுங்கி, சாறு வுட்டு, சூட்டுல வேவுது.

நான் வாயத் தொறக்கல. ஏன்னு கேளுங்க. சொன்னா வண்டிய நிறுத்திடுவாரு.

நான் சொல்லலன்னாலும் அது சொல்லிட்ச்சி. திருவிடந்தை வந்தப்ப எஞ்சின் கூச்சல் போடுது, வண்டி நவர மாட்டுது. கிளட்ச் வழுக்குது. கொஞ்சம் கொஞ்சமா ஓரங்கட்டி நிறுத்துனாரு. நிறுத்துன எடத்தப் பாத்தா, கோயிலுக்குப் போற வளைவு. நித்திய கல்யாணப் பெருமாளு. கல்யாணம் ஆவாதவங்க மாலை வாங்கினு போயி சாமிக்குப் போட்டு, அத வாங்கிக் கழுத்துல போட்டுக்கினு பிரகாரம் சுத்தற கோயிலு. இருக்கற நூறு ஊர்ல இங்கதான் நிக்கணுமா அது.

எறங்கின ஒடனே பூக்காரம்மா ஒருத்தி ஓடியாந்தா. "வா அண்ணாத்த, மாலை வாங்கிக்கோ. யாருக்குப் பாக்கறீங்க, பொண்ணுக்கா புள்ளைக்கா?"

மேஸ்திரி பானெட்டு மேல கைய வச்சிக்கினு சொன்னாரு: "வண்டிக்கி."

"வண்டிக்கா! வண்டிக்கு எதுக்கு அண்ணாத்த கல்யாணம்?"

"எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும். நேத்துதான் சேத்து வச்சோம். ஒத்துப்போவல."

பூக்காரம்மா வுழுந்து வுழுந்து சிரிச்சா. நானும்தான். இத்தன வருசத்துல அவரு சொன்ன மொத ஜோக்கு. மாலை ஒண்ணு வாங்கி வண்டி மூஞ்சியில மாட்டினாரு. அவ வுடல. என் தலையில இருந்த பூவையும் சேலையையும் மேலயும் கீழயும் பாத்துட்டு, "வண்டிக்கு ஒண்ணு ஆச்சி. கூட வந்தவங்களுக்கு?"ன்னா.

மேஸ்திரி என்னையப் பாத்தாரு. மங்கின கண்ணுதான், ஆனா நல்லாத்தான் பாத்தாரு. "தனம்"னாரு. நான் இன்னான்னு கேக்கல. வாயத் தொறந்தாரு. மூடினாரு.

"எண்ணெ ஒழுவுதான்னு பாரு."

மாம்பழக் கலரு சேலையோட அடியில போயிப் படுத்தேன். ஒரு சொட்டு ஒழுவல. எழுந்து வந்திருக்கலாம். வரல. கண்ணுல தூசி வுழுந்துட்ச்சி, ரெண்டு கண்லயும். அங்கர்ந்து பாத்தா அவரு காலு தெரியுது. வலது செருப்பு கழண்டு கெடக்குது. பெருவிரலு மண்ணுல கோடு போடுது. கோடு போட்டு, அழிச்சி, கோடு போட்டு. பூக்காரம்மா போயிட்டா. பஸ்ஸு ரெண்டு மூணு போச்சி. அந்தக் காலு ரெண்டும் எங்கயும் போவல. என் காலும்தான்.

அதுவா வரணும்னு நான் கீழ படுத்துக்கினு இருந்தேன். அதுவா வரணும்னு அவரு மேல நின்னுக்கினு இருந்தாரு. ஒரு பல்லு திருப்பறதுக்கு ரெண்டு பேருக்கும் கையி வரல.

ரெண்டாவது கியர்லயே, நின்னு நின்னு ஆறவுட்டு, ஷெட்டுக்கு வந்து சேந்தோம். மதியம் ஆயிட்ச்சி. மறுநாளு பார்ட்டி வருது. சேலைய மாத்திக்கினு திரும்பவும் பாக்ஸ எறக்கினேன். வாய் தொறந்ததும் என் வயித்து மேல சொத்துன்னு வுழுந்துச்சி. பாதி எலுமிச்சம்பழத் தோலு, கருகிப்போயி.

"மேஸ்திரி… பழத்த நான்தான்… காலையில வேற பொய் சொன்னேன்…"

காலு திரும்பி எதிர்க்கடைக்கிப் போச்சி. போச்சிடா, டீன்னு நெனச்சேன். அறுபது வயசுல திரும்பவும் சாமான் கழுவ வுடப்போறாருன்னு படுத்துக்கினு இருந்தேன். காலு திரும்பி வந்துச்சி. என் தலைமாட்டுல குத்துக்கால் போட்டு உக்காந்தாரு. கையில ரெண்டு டீ.

"எலுமிச்ச சாதம்னு சொன்னனா இல்லியா"ன்னாரு.

நான் டீயக் குடிக்கும்போது அந்தத் தோல எடுத்தாரு. துணியில தொடச்சாரு. குப்பையில போடுவாருன்னு பாத்தா, இஸ்திரி போட்ட சட்டப் பாக்கெட்டுல போட்டுக்கினாரு.

கிளட்ச் பிளேட்ட பெட்ரோல்ல கழுவி, உப்புத்தாளு போட்டுத் தேச்சி, பொழுது சாயறதுக்குள்ள ஏத்திட்டோம். அவரு ஒரு பல்லு திருப்பினாரு. டொப்புன்னு உக்காந்துச்சி. போல்ட்டெல்லாம் முறுக்கிட்டு, ரெண்டு தட்டுக்காகப் படுத்துக்கினே இருந்தேன். வரல. எட்டிப் பாத்தேன். கைய பாடி மேல வச்சிக்கினு நின்னாரு. தட்டல. வச்ச கைய எடுக்கவும் இல்ல. தட்டிட்டா வேல முடிஞ்சிடும்ல.

வெள்ளிக்கெழம வண்டி பாண்டிச்சேரி போச்சி, என் சேல கர்ட்டனோட. ஞாயித்துக்கெழம அவரு ஓசூரு போனாரு. பஸ்ஸு ஏத்தி வுட நான் போவல. பஸ்ஸுக்கு அடியில படுக்க வுட மாட்டாங்களே.

அதுக்கப்புறம் வருசா வருசம் ஆயுத பூஜையன்னிக்கி மட்டும் போனு பண்ணுவாரு. நலமா, சோறு துண்ணியா, ஒண்ணும் கெடையாது. ஒரே கேள்வி.

"பழத்த எடுத்தியா?"

"எடுத்தாச்சி மேஸ்திரி."

கட் பண்ணிடுவாரு. ஏழு வருசம் இது நடந்துச்சி. நான் வேலைய வுட்டு வூட்டோட உக்காந்தப்புறமும் கேட்டாரு. எந்தப் பழத்த எடுக்க நானு? ஆனாலும் எடுத்தாச்சின்னு சொல்லுவேன்.

இந்த ஆயுத பூஜைக்கு போனு வந்துச்சி. எடுத்தா அமுதா கொரலு.

"தனம்மா, அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வாதம் வந்துட்ச்சி. ஒரு பக்கம் வரல. பேச்சும் இல்ல. காலையிலர்ந்து உங்க நம்பரையே காட்டிக்கினு கீறாரு. பேப்பரக் குடுத்தா பழம், பழம்னு எழுதறாரு. ஆப்பிளு குடுத்தேன், தள்ளி வுட்டுட்டாரு. இன்னா பழம்மா?"

நான் அறுபத்தெட்டு வயசுக் கெழவி. இனிமே போல்ட்ட வச்சி இழுத்தாத்தான் இன்னா, யாரு நெத்தியில எந்தக் காது ஒடஞ்சி வுழப்போவுது?

"போன அவரு காதுகிட்ட வையிம்மா"ன்னேன். வச்சா. மூச்சு சத்தம் கேட்டுது.

"மேஸ்திரி, தனம் பேசறேன். இத்தினி வருசமா பொய்தான் சொன்னேன். எடுக்கல. இன்னும் உள்ளயேதான் கீது."

அப்பால கேட்டுது. டொக். கொஞ்சம் நேரம். டொக்.

அமுதா போன வாங்கிக்கினு பதறினா. "இன்னான்னே தெரியல தனம்மா, கட்டிலத் தட்றாரு. இன்னா வேணுமாம் அவருக்கு?"

"ஒண்ணும் வாணாம்மா"ன்னேன். "வேல சரியா கீதாம்."